போய் வர்ற தூரத்துல மர வேலை: செங்கல்பட்டுல இருந்து எது வரைக்கும்?

கேள்வி, 07-06-2025

எனக்கு 27 வயசு. ஐடிஐ கார்பெண்டர். ஊர் செங்கல்பட்டு பக்கம். ஒரு இன்டீரியர் காண்ட்ராக்டர்கிட்ட 5 வருஷம் இருந்தேன், சைட்லயே தங்கி வேலை. இப்போ கல்யாணம் ஆகி கைக்குழந்தை இருக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்து சேர்ற மாதிரி வேலை வேணும். 20 கிலோமீட்டருக்குள்ள கேட்டுப் பார்த்தேன், உருப்படியா ஒண்ணும் இல்ல. சென்னைக்குப் போனா போக்குவரத்துலயே நாள் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. வழி இருக்கா?

08-06-2025, இரவு 9.40

தம்பி, முதல்ல அந்த 20 கிலோமீட்டரைத் தூக்கிப் போடுங்க. நான் திருக்கழுக்குன்றம். 22 வருஷமா மர வேலை. காலைல டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுல செங்கல்பட்டு ஸ்டேஷன், அங்க ஸ்டாண்டுல வண்டியைப் போட்டுட்டு சென்னை பீச் போற லோக்கல் ரயில். அதிகபட்சம் மாம்பலம் வரைக்கும் போறேன். கேளம்பாக்கம் எனக்கு மாம்பலத்தைவிடக் கிட்டதான். ஆனா எக்ஸ்எல்ல சாமானோட கேளம்பாக்கம் போய் வந்தா மறுநாள் இடுப்பு எந்திரிக்காது. மாம்பலம்னா தூங்கிட்டே போகலாம். ரயில் செங்கல்பட்டுலயே கிளம்புது, சீட்டுக்குக் கவலை இல்ல. திரும்பும்போதுதான் தாம்பரம் வரைக்கும் நசுங்கணும்.

அதனால தண்டவாளத்தை வெச்சுப் பாருங்க. சிங்கபெருமாள் கோயில், மறைமலைநகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். இதுல எந்த ஸ்டேஷன்ல இறங்கினாலும் ஷேர் ஆட்டோல பத்து நிமிஷத்துக்குள்ள இருக்கற வீடு எல்லாம் உங்க எல்லைக்குள்ள வந்துடும். ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும்னா அது எல்லைக்கு வெளிய, பக்கத்து ஊரா இருந்தாலும்.

09-06-2025

காசுக் கணக்கை விட்டுட்டேன். ஊர்ல எனக்கு நாள் கூலி 1,000. குரோம்பேட்டை, பல்லாவரம்னா 1,300. சீசன் டிக்கெட்டுக்கு மாசத்துக்கு அரை நாள் கூலிகூட ஆகாது. ஸ்டாண்டு, பெட்ரோல், ஷேர் ஆட்டோ எல்லாம் கழிச்சா ஒரு நாளைக்கு 150, 160 மிச்சம். இதுக்காகவா போற-வர நாலு மணி நேரம்னு என் வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. நான் போறது அந்த 150-க்காக இல்ல. ஊர்ல மாசத்துக்கு 12 நாள்தான் வேலை, அங்க 24 நாள்.

14-06-2025

"சென்னைல ராஜஸ்தான், உ.பி. ஆளுங்க வந்துட்டாங்க, நமக்கு எங்க வேலை"ன்னு நீங்க எழுதினதுக்கு.

அவங்க வேலையைக் குறை சொல்ல மாட்டேன். மைக்கா ஒட்டறதுல அந்தப் பசங்க விளிம்பு இழைக்கிறதைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கும். அவங்க பலம் தங்கறது. நாலு பேர் சைட்லயே சமைச்சு, தூங்கி, காலைல 7 மணிக்கு மெஷினைப் போட்டா ராத்திரி 9 வரைக்கும் ஓடும். முழு ஃபிளாட் இன்டீரியர் 40 நாள்ல முடிச்சுக் குடுப்பாங்க. தினம் வீட்டுக்குத் திரும்புற நாம அதுல போட்டி போட்டா தோத்துதான் போவோம். நான் தோத்திருக்கேன்: 2019-ல பெருங்களத்தூர்ல ஒரு மூணு ரூம் வீடு எடுத்து, 45 நாள்னு சொல்லிட்டு 80 நாள் ஆச்சு.

ஆனா ஒரு கீல் மாத்த, மழைல ஊதின பாத்ரூம் கதவைச் சரி பண்ண, கரையான் அரிச்ச நிலைக்காலோட அடியை மட்டும் வெட்டி புதுத் துண்டு கோக்க, டிராயர் சேனல் மாத்த, சமையலறை ஷட்டர், அதான் அலமாரிக் கதவு, நாலு மட்டும் புதுசா போட அந்த டீம் வராது. ஒரு நாள் வேலைக்கு நாலு பேரையும் மெஷினையும் நகர்த்தினா அவங்களுக்குக் கட்டாது. அதெல்லாம் ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள் வேலை. நமக்குன்னே செஞ்ச மாதிரி.

இன்டீரியர் பண்ணினவனுக்கு இது கௌரவக் குறைச்சலாத் தெரியும். எனக்கும் தெரிஞ்சுது. ரெண்டு வருஷத்துல போயிடுச்சு.

14-06-2025, கொஞ்ச நேரம் கழிச்சு

வேலை எப்படிக் கிடைக்கும்னு சொல்லாமலே விட்டுட்டேன். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஆப்ல பேர் குடுத்தேன், ஆறு மாசம். கமிஷன் போக மிச்சத்தைப் பார்த்து வெளிய வந்துட்டேன். விசிட்டிங் கார்டு 500 அடிச்சேன், 400 இன்னும் பரண்ல இருக்கு.

எனக்கு வேலை குடுத்தது லோக்கல் ரயில்ல மூட்டையோட வர்ற வியாபாரிங்க ஏறற வெண்டர் பெட்டி. சாமான் பை பெருசா இருக்கறதால நான் அதுலதான் ஏறுவேன். சிங்கபெருமாள் கோயில்ல ஒரு கீரைக்காரம்மா ஏறுவாங்க, ரெண்டு பெரிய கட்டு, ஈரச் சாக்கு சுத்தி. குரோம்பேட்டைல இறங்கி அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டா போவாங்க. ஒரு நாள் என் பைல நீட்டிட்டு இருந்த ரம்பத்தைப் பார்த்துட்டு, "ஆசாரி, மூணாவது மாடி டீச்சரம்மா வீட்டுக் கதவு தரைல இழுக்குது, கீரை வாங்க வர்றதுக்குள்ள நாலு தடவை உதைக்கிறாங்க"ன்னாங்க. அன்னிக்கே போனேன். மேல் கீல்ல ஸ்க்ரூ பிடிப்பு விட்டு கதவு தொங்கியிருந்துது. பழைய ஓட்டையில மரக்குச்சிய ஃபெவிகால் தடவி அடிச்சு, காய விட்டு, மறுபடி ஸ்க்ரூ. ஒரு மணி நேரம். அந்த பிளாக்ல மட்டும் அப்புறம் ஒன்பது வீடு.

யோசிச்சுப் பாருங்க, அந்தம்மா தினம் 40 வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. எந்தக் கதவு இழுக்குது, எந்தத் தாழ்ப்பாள் விழலன்னு அவங்களைவிட யாருக்குத் தெரியும்?

கமிஷன் குடுத்தேன், வாங்கல. "என் வீட்டுக் கதவும் அப்படித்தான் கிடக்குது, ஒரு நாள் வா"ன்னாங்க. சரின்னேன்.

(நான் ஆசாரி குலம் இல்ல, உங்கள மாதிரி ஐடிஐ கேஸ்தான். ரம்பம் வெச்சிருந்தா ஆசாரி. பழகிடுச்சு.)

22-06-2025

இன்னிக்கு ஞாயிறு, வீட்ல இருக்கேன், அதனால ஒரு முட்டாள்தனத்தை எழுதறேன்.

போன வாரம் பல்லாவரத்துல ஒரு சமையலறை. ஷட்டர் கீல் ஆறு துருப்பிடிச்சுப் போச்சு, மாத்தணும்னு போன்ல சொன்னாங்க. "ஆட்டோ கீல்தானே, தானா இழுத்து மூடிக்கறது?" "ஆமா." போற வழியில ஆறு வாங்கிட்டுப் போயிட்டேன், ஜீரோ கிராங்க். அங்க போய்ப் பார்த்தா சிமென்ட் ஸ்லாப் கிச்சன், சட்டத்துக்கு உள்ள உக்கார்ற ஷட்டர். அதுக்குப் பதினாறு வேணும். கப் ஓட்டை எல்லாத்துக்கும் ஒரே 35 எம்எம்தான், கை வளைவுதான் வேற. ஜீரோ சட்டத்து மேல முழுசா மூடற ஷட்டருக்கு, எட்டு பாதி மூடறதுக்கு, பதினாறு உள்ள உக்கார்றதுக்கு. இது முதல் வருஷப் பையனுக்கே தெரியும், எனக்கும் தெரியும். கேக்கத்தான் தோணல. பக்கத்துக் கடைல பதினாறு நாலுதான் இருந்துது. மிச்ச ரெண்டுக்காக மறுநாள் திருக்கழுக்குன்றத்துல இருந்து மறுபடி பல்லாவரம். ரெண்டு கீலு!

ஊர்ல வேலைன்னா இது ஒரு சைக்கிள் மிதி. தூரத்துல வேலைன்னா ஒரு நாள் கூலி. அதனால இப்போ போன்ல வாய் வார்த்தையே கிடையாது. ஷட்டரைத் திறந்து வெச்சு ஒரு போட்டோ, மூடி வெச்சு ஒரு போட்டோ, இஞ்ச் டேப்பை மேல வெச்சு ஒரு போட்டோ. வாட்ஸ்அப்ல வந்தாத்தான் கிளம்பறது. டேப் இல்லாத வீடுன்னா தீப்பெட்டியை வெச்சு எடுக்கச் சொல்லுவேன்.

05-07-2025

அபார்ட்மென்ட் நேரம் பத்தி. நிறைய இடத்துல சத்தம் வர்ற வேலை காலைல 10-ல இருந்து 1, மதியம் 3-ல இருந்து 5 அல்லது 6. ஞாயிறு கிடையாது. தங்கி வேலை செய்யறவங்களுக்கு இது பெரிய இடைஞ்சல், நமக்கு வரம். 10 மணிக்கு முன்னாடி யாரும் உள்ள விட மாட்டான், அதனால லேட்டா வந்தான்னு பேச்சே இல்ல. 5 மணிக்கு செக்யூரிட்டியே துரத்திடுவான். 1-ல இருந்து 3 வரைக்கும் சத்தம் இல்லாத வேலை: அளவு, குறி, பசை, பாலீஷ். அல்லது தூக்கம்.

ஆதார் ஜெராக்ஸ் நாலு கைல வெச்சுக்கங்க. ஒவ்வொரு கேட்லயும் ஒண்ணு பிடுங்கிக்குவாங்க.

லிஃப்ட். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் சாதாரண ஃபிளாட் லிஃப்ட்ல போகாது. சாய்ச்சுப் பார்த்து, கதவு மூடாம, வாட்ச்மேன் கத்தி, எல்லாம் ஆயிடுச்சு. ஒரு ஷீட்டை நாலு மாடி படில தூக்கினா திருப்பத்துல சுவத்துல இடிச்சு அவங்க பெயின்டுக்கு நாம காசு குடுக்கணும். அளவை முதல் நாளே எடுத்து, பிளைவுட் கடையிலயே மெஷின்ல அறுத்து வாங்கிடுங்க. அறுப்புக் கூலி குடுத்தாலும் லாபம். கட்டர் மெஷினைத் தூக்கிட்டு ரயில்ல வர்றதும் மிச்சம், வீட்ல தூசியும் இல்ல. தூசி இல்லைன்னா அந்த வீட்டம்மா அடுத்த வீட்ல சொல்லுவாங்க.

20-07-2025

ஆடி பொறந்துடுச்சு தம்பி. கிரகப்பிரவேசம் இல்ல, வாசக்கால் வைக்கிறது இல்ல. ஆடில வேலை இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கங்க. ஆவணில ஒரேயடியா வரும். அதுக்குள்ள உளியைத் தீட்டி வெச்சுக்கங்க, மெஷின் பிரஷ் மாத்திக்கங்க.

27-07-2025

மேல சொன்னதை வாபஸ் வாங்கறேன். இந்த வாரம் நாலு வேலை. புது வீட்டு வேலைக்குத்தான் ஆடி. பழைய வீட்டுக் கதவுக்கு ஏது ஆடி, ஏது மார்கழி? அதோட, ஆவணில வீட்ல கல்யாணம் வெச்சிருக்கறவங்க ஆடிலயே ரிப்பேர் முடிச்சுடணும்னு பறக்கறாங்க. நான் 15 வருஷம் பெரும்பாலும் புது வீட்டு வேலையே செஞ்சதால ஆடின்னா படுத்துக்கற பழக்கம். புத்தி பழைய கணக்குலயே ஓடுது. ஒரு குரோம்பேட்டைப் பெரியவர் மட்டும், "கதவைக் கழட்டறது ஆடி முடிஞ்சு வெச்சுக்கலாமே"ன்னார். கழட்டாமலே அடியை இழைச்சுக் குடுத்தேன். தரைல குப்புறப் படுத்துக்கிட்டு.

09-08-2025

மழைக்கு ஊதின கதவு பத்தி யாரோ கேட்டிருந்தாங்க. அவசரப்பட்டு இழைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகைல நல்ல மரம்கூட ஈரம் குடிச்சு ரெண்டு மூணு எம்எம் விரியும். அப்போ முழுசா இழைச்சா சித்திரைல அந்த சந்துல பல்லி போகும். என் முதல் வருஷத்துல ஒரு வீட்ல அப்படிச் செஞ்சு, கோடைல அந்தம்மா என்னைக் கூப்பிட்டு சந்துல விரலை விட்டுக் காட்டினாங்க. இப்போ மழைல கூப்பிட்டா ஒட்டற இடத்தை மட்டும் லேசா எடுத்துட்டு, மெழுகுவத்தியைத் தேய்ச்சுட்டு வருவேன். தையில திரும்பப் போய் பாக்கி வேலை, விளிம்புக்கு பெயின்ட். கதவோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயின்ட் அடிக்காம விட்டிருப்பாங்க, தண்ணி குடிக்கிறதே அங்கதான்.

வெள்ளம்னா கதை வேற. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டாங்க இல்ல, அதுக்கப்புறம் ஆறு மாசம் பெருங்களத்தூரைத் தாண்டி நான் போகவே இல்ல, அவ்வளவு வேலை. மரத்தூளை அழுத்திச் செஞ்ச பார்ட்டிகிள் போர்டு கிச்சன் எல்லாம் டீல விழுந்த ரஸ்க் மாதிரி கிடந்துது. கையால அள்ளினோம். பிளைவுட்ல 303-ன்னு ஐஎஸ் (இந்தியத் தர) முத்திரை இருக்கறது பல இடத்துல பிரிஞ்சு போச்சு, 710 முத்திரை இருக்கற மரைன் பிளை தாக்குப் பிடிச்சுது. 710-ஐ 72 மணி நேரம் கொதிக்கற தண்ணில போட்டு சோதிக்கணும்னு விதி. ஆனா 710-லயும் அறுத்த விளிம்பை மூடாம விட்டா அடுக்கு பிரிஞ்சுதான் போகும், கண்ணால பார்த்தேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வேளச்சேரி, பள்ளிக்கரணைல இருந்து கூப்பிட்டாங்க. அந்தத் தடவை பாதிப் பேர், "மரமே வேணாம், பிவிசி போட்டுடறோம்"னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியுமா? ரெண்டு தடவை மூழ்கினவங்க. நானும் பிவிசி ஷட்டர் போடக் கத்துக்கிட்டேன். கைக்கு ருசி இல்லாத வேலை. காசு அதே காசுதான்.

17-08-2025

திட்டம், கடன் பத்தி சுருக்கமா. மத்திய அரசோட விஸ்வகர்மா திட்டத்துல உளி, சுத்தி வாங்க 15,000 கிடைக்குமேன்னு கேட்டீங்க. தமிழ்நாடு அரசு அதை இப்போ இருக்கற வடிவத்துல நடத்த மாட்டோம்னு 2024 நவம்பர்லயே சொல்லிடுச்சு. பதிலுக்கு 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம்: 25 வகைத் தொழில், மர வேலையும் உண்டு, கடன் 3 லட்சம் வரைக்கும், அதுல 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. ஆனா 35 வயசு ஆகியிருக்கணும். உங்களுக்கு இன்னும் 8 வருஷம் இருக்கு, அதுக்குள்ள கடனே தேவைப்படாம சம்பாதிச்சுடுங்க.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணிட்டீங்களா? தச்சரும் அதுல உண்டு, 18-ல இருந்து 60 வயசு. பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை இருக்கு. எனக்கு என் பெரிய பொண்ணு பத்தாவது முடிச்சப்புறம்தான் யாரோ சொன்னாங்க. நான் விட்டதை நீங்க விடாதீங்க.

06-09-2025

ஒரு வயித்தெரிச்சல்.

நகரத்துக்குள்ள ஒரு வீடு, ஸ்டேஷன் பேரைக்கூடச் சொல்ல வேணாம். ரெண்டு வார்ட்ரோப் ஷட்டர், ஒரு பரண் கதவு, மெட்டீரியலோட பேசினது. ஷட்டரை முன்பக்கச் சதுரடிக்கு அளக்கறதுன்னு பேச்சு. முடிஞ்சப்புறம் அவர் டேப்பை எடுத்து, கைப்பிடி இருக்கற இடம், நடுச் சந்து எல்லாத்தையும் கழிச்சு அளந்தார். சந்தைக் கழிக்கிற மனுஷனை இந்த 22 வருஷத்துல இப்பத்தான் பார்க்கறேன். பாக்கி 12,000. நாலு தடவை போனேன். ஒரு தடவை ஊர்ல இல்லைன்னார், உள்ள டிவி ஓடுது. நாலாவது தடவை 7,000 குடுத்தார்.

உள்ளூர்ல இது நடக்காது. சாயங்காலம் டீக்கடைல பிடிச்சுடலாம். தூரத்து ஆளுக்கு நாம ஒரு போன் நம்பர் மட்டும்தான். ஆகவே என் புது முறை: மெட்டீரியல் காசு முழுசும் முதல்லயே, அவங்களே கடைல நேரா கட்டிடட்டும். கூலில பாதி ஆரம்பத்துல. மீதி, கடைசி கைப்பிடி மாட்டறதுக்கு முன்னாடி. கைப்பிடி என் பைலயே இருக்கும். கைப்பிடி இல்லாத வார்ட்ரோப்பை நகத்தால எத்தனை நாள் திறப்பாங்க?

20-09-2025

முதல் குறிப்புல தண்டவாளத்தை வெச்சு எல்லை போடுங்கன்னு சொன்னேன். அது பாதிதான் சரி. மூணு மாசம் இதை எழுதி எழுதி எனக்கே ஒண்ணு புரிஞ்சுது.

எல்லையைப் போடறது ஆள் இல்ல, சாமான். கைவீசிட்டுப் போறவனுக்கு பீச் ஸ்டேஷன்கூடப் பக்கம்தான். டிரில்லிங் மெஷின், ஹேண்ட் பிளேனர், உளி செட்டு, கிளாம்ப் நாலு, ரசமட்டம், ரெண்டு டப்பா ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து என் பை 17 கிலோ, அரிசிக் கடைத் தராசுல நிறுத்துப் பார்த்தேன். இந்த 17 கிலோ ராத்திரி எங்க தூங்குதோ, அங்க இருந்துதான் தூரத்தை அளக்கணும்.

குரோம்பேட்டைல நான் வழக்கமா கீல் வாங்கற ஹார்டுவேர் கடை அண்ணன்கிட்ட கேட்டேன், பின்னாடி ஒரு பெட்டி வெச்சுக்கட்டுமான்னு. "என் கடையிலயே சாமான் வாங்கறதா இருந்தா வை"ன்னார். வேற எங்க வாங்கப் போறேன்? ஒரு பழைய ஃபிளஷ் டோரை அறுத்துப் பெட்டி அடிச்சு, பூட்டு போட்டு வெச்சுட்டேன். இப்போ ரயில்ல என் கைல டிபன் பாக்ஸும் இஞ்ச் டேப்பும் மட்டும்தான். ரெண்டாவது லாபத்தை நான் எதிர்பார்க்கல: கடைக்கு வர்றவங்க, "மாட்டிக் குடுக்க ஆள் இருக்கா"ன்னு கேக்கறாங்க, அண்ணன் என் நம்பரைக் குடுக்கறார்.

ஊர் வேலைக்கு சாமான் வேணுமேன்னு கேப்பீங்க. பழைய இழைப்புளி, கைரம்பம், ரெண்டு உளி, கொட்டாப்புளி வீட்ல இருக்கு. என் வாத்தியார் குடுத்தது. மெஷின் இல்லாம வேலை செய்யறப்போ கை கொஞ்சம் நடுங்குது, அதையும் சொல்லிடறேன்.

நீங்க பொத்தேரில ஹாஸ்டல் கட்டில், அலமாரி ரிப்பேர் பிடிச்சிருக்கறதா எழுதினீங்க. ஒரே கட்டடத்துல 60 ரூம்னா வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கட்டில் உடையும். விடாதீங்க. பெட்டி ஒண்ணு அங்க வைக்க வார்டன்கிட்ட கேளுங்க.

21-09-2025

வெண்டர் பெட்டிக்கு நான் இப்போ போறதில்ல, பைதான் இல்லையே. பொதுப் பெட்டில உக்காந்து போறேன். நேத்து சிங்கபெருமாள் கோயில்ல ஜன்னல் வழியா கீரைக்காரம்மா பார்த்துட்டாங்க. "என்ன ஆசாரி, வேலைய விட்டுட்டியா, கையில ஒண்ணையும் காணோம்?"

வேலை இருக்குன்னேன். "அப்ப என் கதவு?"

ஜூன்ல சரின்னு சொன்னது. அவங்க குடுத்த வேலைல இதுவரைக்கும் 13 வீடு பார்த்துட்டேன். அவங்க வீட்டுக் கதவைக் கயித்தால கட்டி வெச்சிருக்காங்களாம். போட்டோ அனுப்புங்கன்னு வாய் வரைக்கும் வந்துது, அவங்ககிட்ட இருக்கறது பட்டன் போன்.

மெஷின் எல்லாம் குரோம்பேட்டைல பூட்டிக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை லோக்கலும் கம்மி. பழைய இழைப்புளியையும் ரெண்டு உளியையும் கட்டி எக்ஸ்எல்ல வெச்சாச்சு, கிளம்பறேன்.